பாக்ஸிங்கில் சில எடைப் பிரிவுகளுக்கு மட்டும் ஏன் மரியாதை குறைவு?

டீக்கடையில் ஒரு நண்பரிடம் ரோமன் கொன்சாலெஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நிகராகுவாக்காரர், நான்கு எடைப் பிரிவுகளில் உலக சாம்பியன் ஆனவர், 'சோக்கலத்தீத்தோ' என்று செல்லப்பெயர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தனை கிலோ?" 47 கிலோ சொச்சத்தில் ஆரம்பித்து 52 வரைக்கும் போனார் என்றேன். சிரிப்பை அடக்க முடியாமல் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "எங்க வீட்ல ஒன்பதாவது படிக்கிறவன் அதைவிட வெயிட்டுப்பா."

இதே மனிதர்தான் டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கியபோது ஸ்டேட்டஸ் போட்டவர். அன்றைக்கு 49 கிலோ என்பது அவருக்குச் சிரிப்பாகத் தெரியவில்லை. அந்தப் பெண் 115 கிலோவைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தியதுதான் தெரிந்தது. பாக்ஸிங் என்று வந்தால் மட்டும் எடை இறங்க இறங்க மரியாதையும் இறங்கிவிடுகிறது.

'சின்ன ஆள், அதனால் மதிப்பில்லை' என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அது சரியென்றால் 90 கிலோ ஆட்கள் மோதும் க்ரூஸர்வெயிட்டுக்கு ஏன் அதே கதி? 76 கிலோ சூப்பர் மிடில்வெயிட்டை ஒரு காலத்தில் கேலி செய்தவர்களே பிற்பாடு அதற்கு ஸ்டேடியம் நிறைய ஏன் கூடினார்கள்? மூன்று வெவ்வேறு வியாதிகளுக்கு நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம் என்பது என் எண்ணம். பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

எடைப் பிரிவு எதற்கு?

ஒரே வேகத்தில் வரும் ஸ்கூட்டியும் லாரியும் மோதிக்கொண்டால் யார் நன்றாக வண்டி ஓட்டுகிறார் என்று யாரும் பேசமாட்டார்கள். குத்தும் அப்படித்தான். அது கையில் பிறப்பதில்லை. கால் தரையை உந்துகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் சேர்கிறது, கடைசியில்தான் முஷ்டி போய்ச் சேர்கிறது. உடம்பின் எடை மொத்தமும் அதன் பின்னால் நிற்கிறது. அதனால் ஏறக்குறைய ஒரே எடையுள்ளவர்களை மோதவிட்டால்தான் யார் கெட்டிக்காரர் என்று தெரியும். எடைப் பிரிவு என்பது அவ்வளவுதான்: இருவருமே இந்த எடைக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு.

1909இல் லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டுப் பிரிவுகளை முறைப்படுத்தியது. கீழிருந்து மேலாக ஃப்ளை, பேன்டம், ஃபெதர், லைட், வெல்டர், மிடில், லைட் ஹெவி, ஹெவி. (ஃப்ளை என்றால் ஈ, பேன்டம் என்றால் ஒரு குட்டைக் கோழி, ஃபெதர் என்றால் இறகு. பெயர் வைக்கும்போதே கொஞ்சம் நக்கல் இருந்திருக்கிறது.) இன்றைக்கு ஆண்களுக்கான தொழில்முறை பாக்ஸிங்கில் பொதுவாக 17 பிரிவுகள். அடியில் 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ வரம்புள்ள மினிமம்வெயிட். உச்சியில் 200 பவுண்டைத் தாண்டிய, மேல் வரம்பே இல்லாத ஹெவிவெயிட். இந்த விளையாட்டு பவுண்டில்தான் பேசும். ஒரு பவுண்டு 454 கிராம், அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல்.

பெரியவர் அடித்தால் விழுகிறார்கள்

முதல் வியாதி இங்கே இருக்கிறது, அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது.

அடிபட்டு விழுந்தவர் ரெஃப்ரி பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்து நிற்க முடியாமல் போனால் அது நாக் அவுட். எடை ஏற ஏற நாக் அவுட்டும் அதிகமாகும். ஏனென்றால் உடம்பு இரண்டு மடங்கு ஆனாலும் தலை இரண்டு மடங்கு ஆவதில்லை. 50 கிலோ ஆளையும் 110 கிலோ ஆளையும் பக்கத்தில் நிறுத்தினால் தோளும் மார்பும் தொடையும் எங்கேயோ இருக்கும், தலைகள் மட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அடி மட்டும் பெரிதாகி அதை வாங்கும் பாத்திரம் பெரிதாகாமல் போனால் என்ன ஆகும்? பார்க்கிற நமக்கு, 'எந்த நொடியிலும் முடிந்துவிடலாம்' என்ற படபடப்பு ஹெவிவெயிட்டில் பன்னிரண்டு ரவுண்டும் இறங்காது. கூட்டம் அந்தப் படபடப்புக்குத்தான் காசு கொடுக்கிறது.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதன் பருமனைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்ததல்ல. தசையும் அதே மாதிரி. ஒரு ஆளை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக வளர்த்தால் தசையின் பருமன், அதாவது வெட்டிப் பார்த்தால் தெரியும் பரப்பு, நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். பலம் எடையோடு சேர்ந்து வளர முடியாமல் பின்தங்கிவிடுகிறது. எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியை இழுத்துக்கொண்டு போவதும் இதனால்தான்.

பளுதூக்குதலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் நயீம் சுலைமானோக்லு 60 கிலோ பிரிவில் 190 கிலோ தூக்கினார். தன் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஜார்ஜியாவின் லாஷா தலாகாட்சே 2021இல் 267 கிலோ தூக்கி உலக சாதனை வைத்தார். ஆனால் அவர் எடையே 170 கிலோவுக்கு மேல், ஆக இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. இருவரில் யார் பலசாலி? நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பாக்ஸிங் ரசிகர்கள் இந்த இரண்டாவது வகைக் கேள்விக்கு 'பவுண்டுக்குப் பவுண்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே எடையாக இருந்தால் யார் ஜெயிப்பார் என்ற கற்பனைப் பட்டியல் அது. 2015இல் ஃப்ளாய்ட் மேவெதர் ஓய்வு அறிவித்ததும் 'தி ரிங்' பத்திரிகை அந்தப் பட்டியலின் முதலிடத்தைக் கொடுத்தது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? டீக்கடை நண்பர் சிரித்தாரே, அதே கொன்சாலெஸுக்கு.

ஒரு சொந்த அனுபவம். ஒரு பயிற்சிக்கூடத்தில் ஐம்பது கிலோகூட இல்லாத ஒரு பையனுக்குப் பேட் பிடித்தேன், அதாவது அவன் குத்திப் பழக என் இரண்டு கைகளிலும் தட்டையான மெத்தை மாட்டிக்கொண்டு நின்றேன். பெரிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் நின்றேன். முதல் குத்து பரவாயில்லை. இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்குள் நான்காவது விழுந்துவிட்டது. மூன்று நிமிஷம் முடிந்ததும் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க எனக்கு விரல் வரவில்லை, அவன் மூச்சுகூட வாங்காமல் "இன்னொரு ரவுண்டுண்ணே" என்கிறான். டிவியில் இது எதுவும் தெரியாது. டிவியில் தெரிவது வேறு: மினிமம்வெயிட் சண்டையில் ரெஃப்ரி பெரும்பாலும் இரண்டு பாக்ஸர்களையும்விடப் பெரிய ஆளாக இருப்பார். பெரிய மனுஷன் ஒருவர் இரண்டு பிள்ளைகளை விலக்கிவிடுகிற மாதிரி ஒரு தோற்றம். சண்டை ஆரம்பிக்கும் முன்பே மரியாதையில் பாதி அங்கே போய்விடுகிறது.

இதுவரை: பெரியவர்கள் சண்டையில் ஆபத்து அதிகம், அதனால் ஆர்வமும் அதிகம். சின்னவர்கள் சண்டையில் வேகமும் அடிகளின் எண்ணிக்கையும் அதிகம். இது ருசி சம்பந்தப்பட்டது, திறமை சம்பந்தப்பட்டதல்ல.

யார் வீட்டு டிவியில் ஓடுகிறது?

1980 ஜனவரியில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு ஒரு காட்சிச் சண்டை, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார், ஊரே திரண்டது. அந்தச் சமயத்தில் ஃப்ளைவெயிட் உலக சாம்பியன்களில் ஒருவர் தென்கொரியாவின் பார்க் சான்-ஹீ. அவர் சென்ட்ரலில் வந்து இறங்கியிருந்தால் ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்டிருப்பார், அவ்வளவுதான்.

ஆனால் அதே பார்க் சியோல் நகரில் இறங்கினால் கதை வேறு. இந்த விஷயத்தை நாம் பெரும்பாலும் அமெரிக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறோம். ஜப்பானுக்கு முதல் உலக சாம்பியன் கிடைத்தது 1952இல், யோஷியோ ஷிராய், ஃப்ளைவெயிட். அர்ஜென்டினாவின் முதல் உலக சாம்பியன் பாஸ்குவல் பெரஸ், 1954, அந்த ஷிராயை டோக்கியோவிலேயே போய்த் தோற்கடித்தவர். தாய்லாந்தின் முதல் உலக சாம்பியன் போன் கிங்பெட்ச், 1960, பெரஸிடமிருந்து அதே பட்டத்தைப் பறித்தவர். பிலிப்பைன்ஸுக்கு அதற்கும் முன்பே 1923இல் பாஞ்சோ வில்லா, அவரும் ஃப்ளைவெயிட். நான்கு நாடுகளின் பாக்ஸிங் பெருமை ஐம்பத்தொரு கிலோவில் தொடங்குகிறது. அந்த ஊர்களில் போய் "சின்ன வெயிட்தானே" என்று சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பிரச்சினை, பெரிய காசு அந்த ஊர்களில் இல்லை என்பது. இருபதாம் நூற்றாண்டு முழுக்கப் பெரிய பர்ஸ், அதாவது ஒரு சண்டைக்குப் பாக்ஸர் வாங்கும் சம்பளம், நியூயார்க்கிலும் லாஸ் வேகஸிலும்தான் தீர்மானமாயிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அமெரிக்க ரசிகர் வேண்டும். அமெரிக்காவில் 48 கிலோ ஆண் பாக்ஸர்கள் அபூர்வம். கொன்சாலெஸையே பாருங்கள், 42 சண்டையில் 42 வெற்றி, மூன்று பிரிவுகளில் உலக சாம்பியன், இவ்வளவுக்கும் பிறகு 2015 மே மாதம்தான் அமெரிக்காவின் எச்பிஓ சேனலில் முதல்முறையாகக் காட்டினார்கள். அதுவும் மிடில்வெயிட் சாம்பியன் கொலோவ்கினின் சண்டைக்கு முன்னால், துணைச் சண்டையாக. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வரும்வரை நாதஸ்வரக்காரர் வாசிக்கிற மாதிரி.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விதிவிலக்கு ஒன்று உண்டு. 1993 மார்ச், லாஸ் வேகஸ். லைட் ஃப்ளைவெயிட், 108 பவுண்டு, 49 கிலோ. அரிசோனாவின் மைக்கேல் கார்பஹால், எதிரில் மெக்ஸிகோவின் உம்பெர்ட்டோ 'சிக்கிட்டா' கொன்சாலெஸ். இரண்டாவது ரவுண்டில் கார்பஹால் விழுந்தார். ஐந்தாவதில் மறுபடி விழுந்தார். கண்ணோரம் கிழிந்து ரத்தம். ஏழாவது ரவுண்டு முடியப் போகிற நேரம், கொன்சாலெஸ் முடித்துவிடலாம் என்று நெருங்கி வர, கார்பஹால் கயிற்றோரமிருந்தே வீசிய அடியில் கொன்சாலெஸின் கால் மடங்கியது, அடுத்த இடதுகை ஹூக்கில், அதாவது பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்தில், ஆள் கீழே. பத்து எண்ணி முடித்தாயிற்று. அந்த வருஷத்தின் சிறந்த சண்டை என்று 'தி ரிங்' அதைத்தான் தேர்ந்தெடுத்தது. மறுசண்டைக்கு, லைட் ஃப்ளைவெயிட் வரலாற்றிலேயே முதல்முறையாக, பத்து லட்சம் டாலர் பர்ஸ் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது கார்பஹால் அமெரிக்கர், 1988 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர் என்பது. மெக்ஸிகோக்காரருக்கும் அமெரிக்கருக்கும் நடந்த சண்டை, இரண்டு பக்கமும் டிக்கெட் வாங்க ஆள் இருந்தது. அப்படியும் 1994இல்தான் பத்து லட்சம். ஹெவிவெயிட்டில் அலியும் ஜோ ஃப்ரேஷியரும் 1971லேயே ஆளுக்கு 25 லட்சம் டாலர் வாங்கிவிட்டார்கள்.

அச்சடித்த பெல்ட்டுகள்

இரண்டாவது வியாதி வேறு மாதிரி. இதற்கும் உருவத்துக்கும் சம்பந்தமில்லை.

எட்டு எப்படிப் பதினேழு ஆனது? பழைய பிரிவுகளுக்கு நடுவே 'சூப்பர்', 'லைட்', 'ஜூனியர்' என்று முன்னொட்டுப் போட்டுப் புதிய பிரிவுகளைச் செருகினார்கள். கூடவே உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளும் நான்கு ஆயின: டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. பதினேழை நான்கால் பெருக்கினால் 68. ஒரே சமயத்தில் 68 உலகப் பட்டங்கள், அதற்கு மேல் 'இடைக்கால சாம்பியன்' அது இது என்று உபரிகள். ஒவ்வொரு பட்டச் சண்டைக்கும் அமைப்பு கட்டணம் வாங்கும், ஆகவே பெல்ட், அதாவது பட்டத்துக்கு அடையாளமாகத் தரும் இடுப்புப்பட்டை, கூடினால் வரும்படி கூடும். நோட்டை அச்சடித்துக்கொண்டே போனால் ரூபாய்க்கு என்ன ஆகுமோ அதுதான் சாம்பியன் என்ற சொல்லுக்கும் ஆனது.

கீழ்ப் பிரிவுகளில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். 105, 108, 112, 115, 118, 122, 126 என்று ஏழு வரம்புகளை 21 பவுண்டுக்குள், அதாவது ஒன்பதரை கிலோவுக்குள் அடுக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் ஒரு பிரிவுக்கும் அடுத்ததற்கும் மூன்றே பவுண்டு, கிலோ கணக்கில் ஒன்றரைகூட வராது. தக்காளி வாங்கப் போனால் கடைக்காரர் கொசுறு போடுவதைப் போல ஒரு வித்தியாசம். சட்டை அளவு ஸ்மால், மீடியம், லார்ஜ் என்றிருந்தால் பொருத்தம் பார்க்கலாம். ஸ்மாலுக்குள்ளேயே ஏழு ஸ்மால் இருந்தால்? அதனால்தான் கீழே ஒருவர் 'மூன்று பிரிவு சாம்பியன்' ஆனாலும் கைதட்டல் பாதியாக வருகிறது. நியாயமாகச் சொன்னால், 50 கிலோ உடம்புக்கு ஒன்றரை கிலோ என்பது மூன்று சதவீதம், அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் பட்டியலைப் பார்க்கிறவர் மனசில் 'அடுத்த படிதானே' என்றுதான் ஓடும்.

இந்த வியாதிக்கு நல்ல உதாரணம் மேலே, 168 பவுண்டு சூப்பர் மிடில்வெயிட்டில் இருக்கிறது. ஐபிஎஃப் இதை 1984இல் தொடங்கியது. 1988 நவம்பரில் சுகர் ரே லெனர்டு, டோனி லலோண்டை எதிர்கொண்டார். லலோண்டு 175 பவுண்டு லைட் ஹெவிவெயிட் சாம்பியன். ஆனால் சண்டையை 168 பவுண்டுக்கு வைத்து, அவருடைய பட்டத்தோடு டபிள்யூபிசி புதிதாக உண்டாக்கிய சூப்பர் மிடில்வெயிட் பட்டத்தையும் பந்தயத்தில் வைத்தார்கள். லெனர்டு ஒன்பதாவது ரவுண்டில் ஜெயித்தார், ஒரே ராத்திரியில் இரண்டு பிரிவு சாம்பியன். லெனர்டு மகா ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரவு, ஒரு டிக்கெட்டில் இரண்டு படம் மாதிரிதான் எனக்குப் படுகிறது.

இதுவரை: சின்ன எடைகளுக்கு மரியாதை குறைவதற்குக் காரணம் ருசியும் சந்தையும். இடைச்செருகல் பிரிவுகளுக்கு மரியாதை குறைவதற்குக் காரணம் பட்டங்கள் மலிந்துபோனது. இன்னும் ஒன்று பாக்கி.

விழுப்புரம் ஜங்ஷன்

தெற்கே போகிற ரயிலில் விழுப்புரம் வந்தால் ஒரே பரபரப்பு. இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள், டீ குடிக்கிறார்கள். ஆனால் பாதிப்பேர் விழுப்புரத்துக்காக வந்தவர்கள் இல்லை, அடுத்த வண்டிக்காக நிற்பவர்கள். (விழுப்புரத்துக்காரர்கள் மன்னிக்கவும்.) க்ரூஸர்வெயிட் பாக்ஸிங்கின் விழுப்புரம்.

தேவை இருந்துதான் இந்தப் பிரிவு பிறந்தது. லைட் ஹெவிவெயிட் 175 பவுண்டோடு முடிகிறது. அதைத் தாண்டி ஒரு பவுண்டு கூடினாலும் முன்பெல்லாம் நேராக ஹெவிவெயிட்தான். காலம் போகப் போக ஹெவிவெயிட்கள் பூதாகரமாகிவிட்டார்கள், 185 பவுண்டு ஆள் 230 பவுண்டு ஆளோடு மோத வேண்டிய நிலை. அதற்காக 1979 முடிவில் டபிள்யூபிசி க்ரூஸர்வெயிட்டைத் தொடங்கியது. அப்போது வரம்பு 190, பிற்பாடு 200 ஆனது. இங்கே பெல்ட் அச்சடித்தார்கள் என்று குறை சொல்ல முடியாது, நிஜமாகவே ஒரு ஓட்டையை அடைத்தார்கள்.

ஆனால் அடுத்த ஸ்டேஷன் ஹெவிவெயிட். அங்கே காசு பல மடங்கு. க்ரூஸரில் நன்றாக ஆடுகிற எவருக்கும் பத்துப் பவுண்டு ஏற்றிக்கொண்டு போய்விடலாமே என்ற எண்ணம் வராமல் இருக்காது. டைசன் ஒருவரின் காதைக் கடித்தாரே, அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் இவாண்டர் ஹோலிஃபீல்ட். அவர் 1986 ஜூலையில், தன் பன்னிரண்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே, அட்லாண்டாவில் ட்வைட் முகமது காவியோடு பதினைந்து ரவுண்டு மோதி க்ரூஸர் பட்டம் வாங்கினார். அந்த ஒரே சண்டையில் உடம்பிலிருந்து சுமார் 15 பவுண்டு வியர்வையாகப் போய், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது என்று சொல்வார்கள். பாக்ஸிங் தெரிந்தவர்களைக் கேட்டால் க்ரூஸரின் மிகச்சிறந்த சண்டை என்று அதைத்தான் சொல்வார்கள். 1988இல் அன்றிருந்த மூன்று பெல்ட்டையும் சேர்த்துக் கையில் பிடித்தார். பிடித்த கையோடு என்ன செய்தார்? ஹெவிவெயிட்டுக்குப் போய்விட்டார். 1990இல் அங்கே சாம்பியன், உலகம் அவரை ஞாபகம் வைத்திருப்பது அதற்காகத்தான்.

முப்பது வருஷம் கழித்து அதே கதை மறுபடி. உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் 2018 ஜூலையில் மாஸ்கோவில், உள்ளூர்க் கூட்டத்துக்கு நடுவே முராத் காஸியெவை ஜெயித்து, நான்கு பெல்ட்டையும் சேர்த்தார். பாக்ஸிங்கை விடாமல் பார்க்கிறவர்கள் அன்றைக்கே எழுந்து நின்று கைதட்டினார்கள், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. 2021இல் லண்டனில் ஆன்டனி ஜோஷுவாவை ஜெயித்தபோதுதான் 'யார் இவர்?' என்ற கேள்வி வந்தது. 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃப்யூரி, தன்னைவிடச் சுமார் 17 கிலோ கூடுதலான ஆள். அவரையும் ஜெயித்து ஹெவிவெயிட்டிலும் நான்கு பெல்ட். உசிக்கின் கால் நகர்வு, கோணம் மாற்றி மாற்றி நிற்கும் பாணி, கடைசி ரவுண்டுகளில் வேகத்தைக் கூட்டுவது, எல்லாமே மாஸ்கோவில் நாம் பார்த்ததுதான். மரியாதை மட்டும் ஆறு வருஷம் லேட்டாக வந்து சேர்ந்தது.

2020இல் டபிள்யூபிசி இதற்கும் மேலே இன்னொரு நடுப்பிரிவைச் செருகியது, 200க்கும் 224 பவுண்டுக்கும் இடையே பிரிட்ஜர்வெயிட் என்று. விழுப்புரத்துக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு ஹால்ட். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

மரியாதை எங்கே தங்கும்?

மூன்று வியாதிகளுக்கும் அடியில் ஒரே சக்கரம்தான் சுற்றுகிறது. நல்ல பாக்ஸர்கள் ஒரு பிரிவில் தங்கினால் ஒருவரோடொருவர் மோதுவார்கள். மோதினால் பகை வளரும், மறுசண்டை வரும், கதை பிறக்கும். கதை இருந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் காசு, காசு இருந்தால் நல்லவர்கள் அங்கேயே தங்குவார்கள். இதே சக்கரம் எதிர்ப்பக்கமும் சுற்றும்: காசில்லை என்றால் நல்லவர் கிளம்புவார், அவர் போனதும் மிச்சமிருப்பவர்களின் பெல்ட் இன்னும் இளைத்துப்போகும்.

ஆகவே ஒரு பிரிவின் மரியாதை கல்வெட்டு இல்லை, மாறும். முன்பு அச்சடித்த பெல்ட் என்று சொன்னேனே, அந்தச் சூப்பர் மிடில்வெயிட்டைப் பாருங்கள். ஜோ கால்ஸாகி அங்கேயே வருஷக்கணக்கில் உட்கார்ந்தார். 2009இல் 'சூப்பர் சிக்ஸ்' என்று ஆறு முன்னணி ஆட்களை வைத்து ஒரு போட்டித்தொடர், 2011இல் ஆண்ட்ரே வார்டு அதை ஜெயித்தார். 2014இல் ஃப்ராச், க்ரோவ்ஸ் மறுசண்டைக்கு வெம்ப்ளியில் 80,000 பேர். 2021இல் கனேலோ அல்வாரெஸ் நான்கு பெல்ட்டையும் சேர்த்தார். 2025 செப்டம்பரில் டெரன்ஸ் க்ராஃபோர்டு அவரைத் தோற்கடிக்க இரண்டு பிரிவு தாண்டி மேலே வந்தார், லாஸ் வேகஸ் ஸ்டேடியத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல். 1984இல் நக்கலடித்த அதே 168 பவுண்டுதான். மாறியது எடை இல்லை, அங்கே தங்கிய ஆட்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறேன். மேவெதர் 2017இல் ஐம்பதாவது வெற்றியைப் பெற்று 50-0 ஆனார், அதாவது ஐம்பது வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. அந்த ஐம்பதாவது ஆள் கானர் மெக்ரெகர், உதையும் மல்யுத்தமும் கலந்த எம்எம்ஏ சண்டைக்காரர், அதற்கு முன் ஒரு தொழில்முறை பாக்ஸிங் சண்டைகூடப் போடாதவர். உலகமே பார்த்தது. மறு வருஷமே தாய்லாந்தின் வன்ஹெங் மெனாயோதின் மினிமம்வெயிட்டில் அந்தக் கணக்கைத் தாண்டி 54-0 வரைக்கும் போனார், 2020 நவம்பரில் சக தாய்லாந்துக்காரரிடம்தான் முதல் தோல்வி. பாக்ஸிங் ரசிகர்களிலேயே பலருக்கு அவர் பெயர் தெரியாது. அநியாயம் என்று கொதிக்கத் தோன்றும், ஆனால் முழுக்க அநியாயமும் இல்லை. அவர் ஜெயித்த பல சண்டைகளில் எதிராளி ரொம்பச் சாதாரணம், பிரிவின் மற்ற பெரிய சாம்பியன்களோடு மோதவே இல்லை. அவர் குறை எடையில் இல்லை, எதிரில் நின்றவர்களில் இருந்தது. இந்தக் கேள்வியை மேவெதரின் ஐம்பதாவது சண்டையிடமும் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பிரிவே இல்லாமல் போனால்

தொழில்முறையில் மரியாதை குறைந்தால் காசு குறையும், ஒலிம்பிக்கிலோ பிரிவே காணாமல் போகும். 2012 லண்டனில் பெண்கள் பாக்ஸிங் முதல்முறையாக வந்தபோது மூன்றே பிரிவுகள்: 51, 60, 75. அதுவரை 45, 46, 48 கிலோ பிரிவுகளில் ஐந்து முறை உலக சாம்பியன் ஆன மேரி கோம், எடையை ஏற்றிக்கொண்டு தன்னைவிடப் பெரியவர்களோடு 51இல் ஆட வேண்டியதாயிற்று. வெண்கலத்தோடு வந்தார். இதை அந்த நேரத்தில் நம் ஆட்களே சரியாகச் சொல்லவில்லை என்று எனக்கு ஒரு வருத்தம்.

அப்புறம் பெண்களுக்குப் பிரிவுகளைக் கூட்ட வேண்டி வந்தபோது, ஆண்கள் பக்கம் கத்தி விழுந்தவற்றில் ஒன்று அடியிலிருந்த 49 கிலோ. 2016 ரியோவில் அதில் தங்கம் வாங்கியவர் உஸ்பெகிஸ்தானின் ஹசன்பாய் துஸ்மதோவ். 2018 ஆசிய விளையாட்டு இறுதிப்போட்டியில் அவரை ஜெயித்தவர் நம் அமித் பங்கல். இரண்டு பேருக்குமே வீடு இடிந்தது, இருவரும் மேலே ஏறினார்கள். அமித்துக்கு ஒலிம்பிக் பதக்கம் கைக்கு வரவில்லை. துஸ்மதோவ் 2024 பாரிஸில் 51 கிலோவில் மறுபடி தங்கம் வாங்கினார். இருவரையும் பார்த்து, 'திறமை இருந்தால் எந்த எடையிலும் ஜெயிக்கலாம்' என்று சொல்வதா, 'இரண்டு கிலோ ஒரு ஆளின் வாழ்க்கையை மாற்றும்' என்று சொல்வதா?

டோக்கியோ டோம், 34 வருஷம் கழித்து

1990 பிப்ரவரியில் டோக்கியோ டோமில்தான் பஸ்டர் டக்ளஸ் மைக் டைசனைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கூரைக்குக் கீழே பாக்ஸிங் நடக்கவே இல்லை. அதை நிரப்ப ஒரு ஹெவிவெயிட் சாம்பியன் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ.

2024 மே 6 அன்று மறுபடி ரிங் கட்டினார்கள். வந்தவர் நவோயா இனோவே, சூப்பர் பேன்டம்வெயிட், 122 பவுண்டு, 55 கிலோ. 49 கிலோவில் முதல் உலகப் பட்டம் வாங்கி, 53.5 கிலோவில் நான்கு பெல்ட்டும், 55 கிலோவில் நான்கு பெல்ட்டும் சேர்த்தவர். அமெரிக்காவுக்கு எப்போதாவது போவார், பெரும்பாலும் எதிராளிகள்தான் ஜப்பானுக்கு வருவார்கள். எதிரில் மெக்ஸிகோவின் லூயிஸ் நெரி. சுமார் 43,000 பேர்.

முதல் ரவுண்டிலேயே நெரியின் இடதுகை ஹூக் ஒன்று தாடையில் இறங்க, இனோவே உருண்டு கீழே விழுந்தார். தொழில்முறையில் அவர் விழுந்தது அதுதான் முதல்முறை. அரங்கத்தில் சத்தம் நின்றுபோனது. அவர் உடனே துள்ளி எழவில்லை, ஒரு முழங்காலை ஊன்றி, ரெஃப்ரியின் விரல்களைப் பார்த்துக்கொண்டே நிதானமாக எட்டு வரைக்கும் எண்ணவிட்டு எழுந்தார். இரண்டாவது ரவுண்டில் நெரி விழுந்தார், ஐந்தாவதில் மறுபடி, ஆறாவதில் எழவில்லை. அந்தச் சண்டையின் வீடியோவை டீக்கடை நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன், எடையைச் சொல்லாமல்.